திருப்பிச் சொல்லு: வானத்தில் ரெண்டு விமானம் ஏன் மோதிக்கொள்வதில்லை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

என் ஊர் தளவானூர். செஞ்சிக்குப் பக்கம். தளவானூர்னு சொன்னதும், "தடுப்பணை உடைஞ்சுதே, அந்த ஊரா?"ன்னு கேப்பாங்க. இல்லைங்க, அது தென்பெண்ணை ஆத்தங்கரையில இருக்கிற வேற தளவானூர். எங்க ஊருக்கு அடையாளம் பாறை. அந்தப் பாறையைக் குடைஞ்சு 7ஆம் நூற்றாண்டுல மகேந்திரவர்மப் பல்லவன் ஒரு கோயில் செஞ்சு வச்சிருக்கான். சத்ருமல்லேஸ்வரம்னு பேரு. சத்ருமல்லன்கிறது அவனோட பட்டப்பேர்கள்ல ஒண்ணு. செஞ்சிக் கோட்டைக்குப் போறவங்கள்ல நூத்துல ஒருத்தர்கூட இங்க எட்டிப் பாக்குறதில்ல. அது எங்களுக்கு ஒரு விதத்துல நல்லதுதான், அமைதியா இருக்கும்.

சின்ன வயசுல சாயங்காலம் ஆனா அந்தப் பக்கத்துப் பாறையில போய் மல்லாந்து படுத்துக்குவோம். பகல் பூரா வெயில் குடிச்ச பாறை, முதுகுக்கு இதமா இருக்கும். மேல விமானம் போகும். மெட்ராஸ்ல கிளம்பித் தெற்க போறது, தெற்கேருந்து மெட்ராஸுக்கு வர்றது, எங்கயோ கிளம்பி எங்கயோ போறது. சில நாள் ரெண்டு விமானம் எதிரெதிரா வரும். கீழேருந்து பாத்தா நேரா முட்டிக்கிற மாதிரியே இருக்கும். மூச்சைப் பிடிச்சிக்கிட்டுப் பாப்போம். ஒண்ணும் ஆகாது. ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து வெளிய வந்த மாதிரி அது பாட்டுக்குப் போயிடும்.

எங்க ஆயா ஒருநாள் கேட்டுச்சு: "ஏண்டா, ரோடு இல்ல, கோடு இல்ல, சிக்னல் இல்ல. இவனுங்க எப்படிடா முட்டிக்காம போறானுங்க?"

எங்கப்பா, "அதுக்குன்னு ஆளு இருக்காங்க"ன்னார். அதுக்கு மேல அவருக்கும் தெரியாது.

இப்போ அந்த ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். ஒன்பது வருஷமா ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர். எந்த ஏர்போர்ட்டுன்னு சொல்லப்போறதில்ல. இங்க பேசுறது எல்லாம் என் சொந்தக் கருத்து, என் ஆபீஸோட கருத்து இல்ல. அந்த ஒரு வரியைச் சொல்லிட்டேன், இனிமே நிம்மதியாப் பேசலாம்.

முதல்ல ஒரு கற்பனையைக் கலைச்சிடுறேன். கன்ட்ரோலர்னா உயரமான கண்ணாடிக் கூண்டுல, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு, பைனாகுலர் வச்சிருக்கிற ஆள்னு நினைப்பீங்க. டவர்ல இருக்கிறவங்க ரன்வேயையும் அதைச் சுத்தி இருக்கிற கொஞ்ச இடத்தையும்தான் பாத்துக்குறாங்க. விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்துல வேற ஆள்கிட்டக் கை மாறிடும். அந்த வேற ஆளுங்க உட்கார்ந்திருக்கிறது ஜன்னலே இல்லாத, வெளிச்சம் குறைச்ச ஒரு ஹால்ல. நான் அங்கதான். பல நாள் வெளிய மழை பேஞ்சு விட்டதே எனக்கு டீக்கடையில நிக்கும்போதுதான் தெரியும். என் வானம் ஒரு திரை. அதுல சின்னச் சின்னப் புள்ளி, புள்ளிக்குப் பக்கத்துல விமானத்தோட பேரு, உயரம், வேகம்.

இப்போ ஆயா கேட்ட கேள்விக்கு வர்றேன். பைலட் கண்ணால பாத்து ஒதுங்கிக்க மாட்டாரான்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஜெட் விமானம் மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர் வேகத்துல போகுது. எதிர்ல வர்றதும் 900. ரெண்டும் சேர்ந்து 1800. அப்படின்னா ஒரு செகண்டுக்கு அரை கிலோமீட்டர் நெருங்குது. ரேடார்ல பாக்குற இடத்துல, ஒரே உயரத்துல போற ரெண்டு விமானத்துக்கு நடுவுல நாங்க பொதுவா வைக்கிற குறைந்தபட்ச இடைவெளி 5 நாட்டிகல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஊர்க்கணக்குல அது பெரிய தூரம். அந்த வேகத்துல அது 18 செகண்ட். அதுக்குள்ள ஒருத்தர் பாக்கணும், அது நம்மளை நோக்கித்தான் வருதான்னு புரியணும், கை அசையணும், அத்தனை டன் எடை திரும்பணும். அதனால கண்ணை நம்பி விடுற வேலை இல்ல இது.

அப்போ எதை நம்புறோம்? பெரும்பாலும் உயரத்தை. மேலயும் கீழயும் 1,000 அடி இடைவெளி இருந்தா, ரெண்டு விமானம் ஒண்ணுக்கு மேல ஒண்ணா எதிரெதிரா போகலாம், தப்பில்ல. நாங்க பாறையில படுத்துக்கிட்டு முட்டப்போகுதுன்னு பதறினது எல்லாம் அதுதான். கிழக்குப் பக்கமா போறவங்களுக்கு ஒத்தைப்படை ஆயிரம்: 33,000, 35,000. மேற்குப் பக்கமா போறவங்களுக்கு ரெட்டைப்படை: 34,000, 36,000. பொதுவான ஏற்பாடு அது. முன்னாடி 29,000 அடிக்கு மேல போனா 2,000 அடி இடைவெளி வேணும்னு விதி இருந்துச்சு, ஏன்னா அந்த உயரத்துல கருவிகள் அவ்வளவு துல்லியமா காட்டாது. கருவி நல்லா ஆனதும் 2003ல நம்ம பக்கத்து வானத்துலயும் அதை ஆயிரமா குறைச்சாங்க. அதே வானம், ஆனா ரெண்டு மடங்கு மாடி கிடைச்ச மாதிரி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. விமானம் தன்னோட உயரத்தைக் காத்தழுத்தத்தை வச்சுத்தான் தெரிஞ்சுக்குது. ஆனா அழுத்தம் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். அதனால ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல போனதும் உலகம் பூரா எல்லா பைலட்டும் தங்களோட கருவியை 1013 ஹெக்டோபாஸ்கல்ங்கிற ஒரே எண்ணுல வச்சுடுவாங்க. இன்னைக்கு அங்க உண்மையான அழுத்தம் என்னவா வேணா இருக்கட்டும். 35,000 அடின்னு காட்டும்போது விமானம் நிஜமா 35,600 அடியில இருக்கலாம். பரவாயில்ல. பக்கத்துல இருக்கிறவனுக்கும் அதே அளவு தப்பு. எல்லாரும் ஒரே மாதிரி தப்பா இருந்தா நடுவுல இருக்கிற ஆயிரம் அடி சரியா இருக்கும்.

சரி, உயரம் வச்சாச்சு. அந்த உயரத்தை பைலட்டுக்கு எப்படிச் சொல்றோம்? வாயாலதான். கடல் மேல, ரேடார் எட்டாத இடத்துல, இப்போ எழுத்துல மெசேஜ் அனுப்புற வசதி இருக்கு. ஆனா நிலத்துக்கு மேல, நெரிசலான இடத்துல, இன்னைக்கும் ரேடியோவுல பேசுறதுதான். ஒரு ஃப்ரீக்வென்சியில பத்துப் பதினஞ்சு விமானம் இருக்கும். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பட்டனை அமுக்கிட்டா 'கீ...'ன்னு ஒரு சத்தம் மட்டும்தான் கேக்கும்.

இங்கதான் எங்க ஆயா வர்றாங்க. என்னைக் கடைக்கு அனுப்பும்போது, "அரை கிலோ துவரம்பருப்பு, கால் கிலோ வெல்லம், நூறு கிராம் சீரகம். திருப்பிச் சொல்லு"ன்னு நிறுத்தும். நான் திருப்பிச் சொல்லணும். சொல்லலைன்னா காசு கைக்கு வராது. நான் "கால் கிலோ பருப்பு, அரை கிலோ வெல்லம்"னு சொன்னா மண்டையில ஒரு தட்டு, மறுபடி முதல்லேருந்து.

எங்க தொழில்ல இதுக்குப் பேரு ரீட்பேக். நான் "லெவல் ஒன் த்ரீ ஸீரோவுக்கு இறங்கு"ன்னு சொன்னா, பைலட் "ஓகே"ன்னு சொல்லக் கூடாது. "லெவல் ஒன் த்ரீ ஸீரோவுக்கு இறங்குறேன்"னு எண்ணோட, தன் விமானத்தோட பேரோட திருப்பிச் சொல்லணும். நான் அதைக் கேட்டுச் சரி பாக்கணும். இந்த ரெண்டாவது பாதிக்குப் பேரு ஹியர்பேக். அவர் தப்பாச் சொன்னா நான் உடனே திருத்தணும். நான் பேசாம இருந்தா சரின்னு அர்த்தம். என் மௌனமும் ஒரு உத்தரவுதான்.

வார்த்தை எவ்வளவு சின்னதா இருந்தா போதும்னு ஒரு கதை. 1989 பிப்ரவரி 19, மலேசியா. சிங்கப்பூர்லேருந்து சுபாங் விமான நிலையத்துக்கு ஒரு சரக்கு விமானம் வருது, போயிங் 747. 2,400 அடிக்கு இறங்கச் சொல்லணும். கன்ட்ரோலர் 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ'ன்னு எண்ணா அடுக்கிச் சொன்னார். விமானத்துல இருந்தவங்க காதுல 'டு ஃபோர் ஸீரோ ஸீரோ', அதாவது 'நானூறுக்கு'ன்னு விழுந்துச்சு. 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ'ன்னாங்க. அதை யாரும் திருத்தல. பூச்சோங் பக்கத்துல ஒரு மலையில மோதி நாலு பேரும் இறந்தாங்க. ரெண்டுங்கிற எண்ணும், 'க்கு'ங்கிற உருபும் இங்கிலீஷ்ல ஒரே சத்தம். அவ்வளவுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், வேற காரணங்களும் இருந்துச்சு. ஆனா அதுலேருந்துதான் ஆரம்பிச்சது. இன்னைக்கு நாங்க 'டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்'னு சொல்லணும். மூணை 'ட்ரீ'ன்னும் ஒன்பதை 'நைனர்'னும் சொல்றது சினிமா ஸ்டைல் கிடையாது, இதே பயம்தான். அதே மாதிரி 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவுல ரன்வேயில ரெண்டு 747 மோதி 583 பேர் இறந்த பிறகு, 'டேக் ஆஃப்'ங்கிற வார்த்தையை நிஜமா கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ ரத்து பண்ணும்போதோ மட்டும்தான் சொல்றோம். மத்த நேரத்துல 'டிபார்ச்சர்'. எங்க அகராதியில நிறைய வார்த்தைக்குப் பின்னாடி ஒரு விபத்து இருக்கு.

இப்போ நம்ம நாட்டுக் கதை. இதைச் சொல்லாம இந்தப் பேச்சே இல்ல.

1996 நவம்பர் 12. டெல்லி. சாயங்காலம் ஆறரை மணி. சவூதியா ஏர்லைன்ஸோட 763, ஒரு போயிங் 747, டெல்லியிலேருந்து கிளம்பி மேல ஏறிட்டிருக்கு. உள்ள 312 பேர். பெரும்பாலும் சவூதிக்கு வேலைக்குப் போற நம்ம ஆளுங்க. எதிர்ப்பக்கம் கஜகஸ்தான் ஏர்லைன்ஸ் 1907, ரஷ்யத் தயாரிப்பான இல்யூஷின் 76, டெல்லியில இறங்க வருது. உள்ள 37 பேர். அந்தக் காலத்துல டெல்லியைச் சுத்தி நிறைய வான்வெளி விமானப்படை கையில இருந்துச்சு. பயணிகள் விமானம் வர்றதுக்கும் போறதுக்கும் ஒரே வழி. அதனால ரெண்டும் எதிரெதிரா, ஒரே பாதையில. டெல்லி கன்ட்ரோலர் சரியாத்தான் பண்ணார். இறங்குறவருக்கு 15,000 அடி. ஏறுறவருக்கு 14,000 அடி. நடுவுல ஆயிரம் அடி. கஜகஸ்தான் விமானத்துக்கு, எதிர்ல ஒரு 747 வருதுன்னு தூரத்தோட எச்சரிக்கையும் கொடுத்தார்.

ஆனா கஜகஸ்தான் விமானம் 15,000ல நிக்கல. இறங்கிக்கிட்டே போச்சு.

கன்ட்ரோலருக்கு அது தெரியாது. டெல்லியில அப்போ இருந்த ரேடார் புள்ளியை மட்டும்தான் காட்டும், உயரத்தைக் காட்டாது. உயரத்தையும் காட்டுற புது ரேடார் வந்து பொருத்துற வேலை நடந்துட்டிருந்துச்சு. திரையில ரெண்டு புள்ளி நெருங்குறது தப்பே இல்ல, மேலயும் கீழயும்தானே போகப்போகுது. ரெண்டு புள்ளியும் ஒண்ணாச்சு. பிறகு ரெண்டுமே இல்ல. சார்க்கி தாத்ரி, ஹரியானா. வயல்வெளி. 349 பேர். ஒருத்தர்கூடப் பிழைக்கல. வானத்துல நடந்த மோதல்கள்லயே இன்னைக்கு வரைக்கும் அதிக உயிர் போனது இதுலதான். அந்தப் பக்கம் வந்துட்டிருந்த அமெரிக்க விமானப்படை விமானத்தோட பைலட், மேகத்துக்குள்ள ஆரஞ்சு வெளிச்சம் பாத்தேன்னு டெல்லிக்குச் சொன்னார். அப்படித்தான் தெரிஞ்சுது.

நீதிபதி லஹோட்டி தலைமையில விசாரணை நடந்துச்சு. கஜகஸ்தான் விமானம் கொடுத்த உயரத்தை விட்டு இறங்கினதுதான் காரணம்னு முடிவாச்சு. ஏன் இறங்கினாங்க? இங்கதான் நான் பல தடவை நின்னு யோசிச்சிருக்கேன். அந்த விமானத்துல ரேடியோவுல பேசுறதுக்குன்னே தனியா ஒருத்தர் இருந்தார், ரேடியோ ஆபரேட்டர். இங்கிலீஷ் அவர் வழியாத்தான். டெல்லி சொல்றதைக் கேட்டு அவர் பைலட்களுக்குச் சொல்லணும். அவர் முன்னாடி தனியா உயரம் காட்டுற கருவி கிடையாது. பைலட் தோளுக்கு மேல எட்டித்தான் பாக்கணும். அதாவது உத்தரவைக் கேக்குற காது ஒரு ஆள்கிட்ட, விமானத்தை ஓட்டுற கை இன்னொரு ஆள்கிட்ட. கடைசி நொடிகள்ல அவருக்குத்தான் புரிஞ்சுது. 150க்குப் போங்க, 140ல அவங்க வர்றாங்கங்கிற மாதிரி கத்தியிருக்கார். பைலட் மேல ஏத்தினார். ஏத்தினப்போதான் அதோட வால் 747 இறக்கையில வெட்டுச்சு. ஏத்தாம விட்டிருந்தா ஒருவேளை அடியில தப்பிப் போயிருக்கலாம்.

இதைச் சொன்னா நிறைய பேர், "அவங்களுக்கு இங்கிலீஷ் வரல, அதான்"னு சிரிச்சிட்டுப் போயிடுறாங்க. எனக்குச் சிரிப்பு வராது. நான் பன்னண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். வேலை கிடைச்சு டிரெய்னிங்குக்கு பிரயாக்ராஜ் போனப்போ முதல் ரெண்டு வாரம் நான் வாயே திறக்கல. எண்ணைக் கேட்டா மனசுக்குள்ள தமிழ்ல மாத்தி, யோசிச்சு, திரும்ப இங்கிலீஷ்ல மாத்திச் சொல்லுவேன். அந்த மாத்துற நேரம் ஒரு செகண்டுதான். செகண்டுக்கு அரை கிலோமீட்டர்னு சொன்னேன் இல்ல? புரியாத இடத்துல "மறுபடி சொல்லுங்க"ன்னு கேக்க வெக்கப்படுவேன். எங்க இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தர் சொன்னது: "தம்பி, உன் இங்கிலீஷ் அழகா இருக்கணும்னு யாரும் கேக்கல. புரியலைன்னா புரியலைன்னு சொல்ற தைரியம் இருக்கா, அதைச் சொல்லு." அவர் ஹிந்தியில சொன்னார், நான் தமிழ்ல ஞாபகம் வச்சிருக்கேன். (சிரிக்கிறார்)

சரி, அடுத்தவங்க தப்பைச் சொன்னா போதுமா. என் தப்பைச் சொல்றேன்.

வேலைக்கு வந்து மூணாவது வருஷம். நைட் ஷிப்ட். தொடர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல சீட்டுல உட்கார விடமாட்டாங்க, பிரேக் உண்டு. நான் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். நெரிசலும் இல்ல. அதுதான் ஆபத்து. நெரிசல் இருந்தா உடம்பு பூரா காதா இருக்கும். இறங்கிட்டிருந்த ஒரு விமானத்துக்கு, லெவல் ஒன் த்ரீ ஸீரோ, அதாவது 13,000 அடின்னு கொடுத்தேன். அதுக்குக் கீழ 12,000 அடியில வேற ஒரு விமானம் குறுக்கப் போகுது. பைலட் திருப்பிச் சொன்னார். நான் அடுத்த விமானத்தோட விவரத்தைக் குறிச்சுக்கிட்டே கேட்டேன். சரியாத்தான் இருந்துச்சு. அடுத்த வேலைக்குப் போயிட்டேன்.

பக்கத்து சீட்டுல சீனியர் மேடம். அவங்களுக்கும் அதே ஃப்ரீக்வென்சி காதுல ஓடிட்டிருக்கும். என் மணிக்கட்டுல விரலால தட்டினாங்க. "இப்போ என்ன சொன்னான்?"

"ஒன் த்ரீ ஸீரோன்னார் மேடம்."

"இல்லப்பா. ஒன் ஒன் ஸீரோன்னான்."

வயித்துல ஐஸ் வச்ச மாதிரி இருந்துச்சு. வாதாடல. பட்டனை அமுக்கி, "நெகட்டிவ், லெவல் ஒன் த்ரீ ஸீரோ"ன்னு திருத்தினேன். அவர், "ஒன் த்ரீ ஸீரோ, சாரி"ன்னார். அப்போ அவர் 16,000 அடியைத் தாண்டி இறங்கிட்டிருந்தார். இடைவெளி குறையவே இல்ல. ரெண்டு விமானத்துலயும் தூங்கிட்டிருந்த யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அவர் நம்ம நாட்டுக்காரர்தான், தெளிவான இங்கிலீஷ், ரேடியோவும் சுத்தமா இருந்துச்சு. ரிப்போர்ட் எழுதினேன். பிறகு டேப்பைப் போட்டுக் கேட்டேன். பச்சைத் தண்ணி மாதிரி தெளிவா 'ஒன் ஒன் ஸீரோ'. ஆனா அன்னைக்கு ராத்திரி என் காதுல விழுந்தது ஒன் த்ரீ ஸீரோதான், சத்தியமா. நான் என்ன கேக்கப்போறேன்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருந்தேன். அதையே கேட்டேன்.

அதுக்கப்புறம் நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன். ரீட்பேக் வரும்போது கை எழுதாது. பேனாவைக் கீழ வச்சிடுவேன். ஒரு செகண்ட் வீண்தான். சின்னப் பசங்க கிண்டல் பண்றாங்க, பண்ணட்டும்.

அந்த ராத்திரி மேடம் கவனிக்கலைன்னா மோதியிருக்குமான்னு கேப்பீங்க. உண்மையைச் சொல்லணும்னா, அனேகமா இல்ல. எங்களுக்குக் கீழ வலைகள் இருக்கு. ரெண்டு புள்ளி நெருங்கப்போகுதுன்னு தெரிஞ்சா என் திரையே கத்தும். சில இடங்கள்ல பைலட் தன் கருவியில திருகி வச்ச உயரம்கூட கன்ட்ரோலர் திரையில தெரியும், தப்பா வச்சா அங்கயே பிடிச்சிடலாம். கடைசி வலை விமானத்துக்குள்ளயே இருக்கு. டீகாஸ்னு சொல்லுவோம். ரெண்டு விமானத்தோட கருவிகளும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். ஆபத்து நெருங்கினா முதல்ல 'டிராஃபிக், டிராஃபிக்'னு எச்சரிக்கும். இன்னும் நெருங்கினா ஒருத்தரை 'கிளைம்ப்'னும், இன்னொருத்தரை 'டிசென்ட்'னும் சொல்லும். கீழ இருக்கிற நான் தேவையே இல்ல. சார்க்கி தாத்ரிக்குப் பிறகுதான் இந்தியா தன் வானத்துல பறக்குற பயணிகள் விமானத்துக்கெல்லாம் இதைக் கட்டாயமாக்குச்சு. டெல்லியில வர்ற வழியும் போற வழியும் பிரிஞ்சதும் அதுக்கப்புறம்தான்.

2018 ஜூலை 10. கோயம்புத்தூர்லேருந்து ஹைதராபாத் போற விமானமும், பெங்களூர்லேருந்து கொச்சி போற விமானமும் பெங்களூர் வான்வெளியில நெருங்கிடுச்சு. மேலயும் கீழயும் வெறும் 200 அடிதான் வித்தியாசம்னு செய்தி வந்துச்சு. ரெண்டுலயும் சேர்த்து 328 பயணிகள். டீகாஸ் கத்துச்சு, பைலட்கள் அது சொன்னபடி பிரிஞ்சாங்க. அந்த 328 பேரும் அன்னைக்கு ராத்திரி வீட்ல சாப்பிட்டிருப்பாங்க.

அப்போ மெஷினே போதுமே, நீ எதுக்குன்னு கேக்கலாம். 2002 ஜூலை 1, ஜெர்மனி, யூபர்லிங்கன். ராத்திரி. ரஷ்யக் குழந்தைகள் நிறைய பேர் இருந்த ஒரு டுபோலெவ் விமானம், இன்னொரு பக்கம் டிஹெச்எல் சரக்கு விமானம். ஸூரிக்ல இருந்த கன்ட்ரோலர் அன்னைக்குத் தனியா ரெண்டு இடத்து வேலையைப் பாத்துட்டிருந்தார். எச்சரிக்கைக் கருவி முழுசா இயங்கல, போன் லைன்லயும் பராமரிப்பு வேலை. ஆபத்தைத் தாமதமாப் பாத்து, டுபோலெவை இறங்கச் சொன்னார். அதே நேரத்துல டுபோலெவோட டீகாஸ் ஏறச் சொல்லுச்சு. டிஹெச்எல் விமானத்தை இறங்கச் சொல்லுச்சு. டுபோலெவ் பைலட் மனுஷன் சொன்னதைக் கேட்டார், டிஹெச்எல் பைலட் மெஷின் சொன்னதைக் கேட்டார். ரெண்டும் இறங்குச்சு. 71 பேர். அதுல 52 குழந்தைகள். அதுக்கப்புறம் விதியைத் தெளிவாக்கினாங்க: டீகாஸ் உத்தரவு கொடுத்துட்டா அதுதான் கடைசி வார்த்தை. பைலட் 'டீகாஸ் ஆர்ஏ'ன்னு சொன்ன நொடியில நான் வாயை மூடிக்கணும். ஒரு கன்ட்ரோலருக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. திரையில ரெண்டு புள்ளியைப் பாத்துக்கிட்டு, பட்டன் மேல விரலை வச்சுக்கிட்டு, பேசாம இருக்கணும்.

அதனால மெஷினா மனுஷனான்னு கேட்டா எனக்குப் பதில் தெரியாது. ஒரு நாளைக்கு நான் கொடுக்குற நூத்துக்கணக்கான உயரத்துல டீகாஸ் வரைக்கும் போறது ஒண்ணுகூட இல்ல. அங்க வரைக்கும் போகாம இருக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

நிறைய பேர் இன்ஸ்டாவுல கேக்குற கேள்வி, இந்த வேலைக்கு எப்படி வர்றதுன்னு. சுருக்கமாச் சொல்றேன். ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி தேர்வு நடத்தும், ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் போஸ்ட். இயற்பியலும் கணிதமும் படிச்ச பி.எஸ்ஸி., இல்லன்னா இன்ஜினியரிங். அறிவிப்பு வரும்போது முழுசாப் படிங்க, யூடியூப் தம்ப்நெயிலை நம்பாதீங்க. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு குரல் தேர்வு உண்டு, ரேடியோவுல உங்க பேச்சு தெளிவா கேக்குதான்னு பாப்பாங்க. தமிழ் மீடியம் பசங்க அதைப் பாத்துப் பயப்படாதீங்க. மெதுவா, தெளிவாப் பேசினா போதும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி, உட்கார இடம் கிடைச்சு, செஞ்சி வர்றதுக்கு நாலு மணி நேரம் ஆச்சு. மேல போறவனுக்கு அது பத்துப் பதினஞ்சு நிமிஷம். சாயங்காலம் ஆயாவைக் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டுப் பாறை வரைக்கும் போனேன். இப்போ அதால ஏற முடியாது, அடியிலயே உட்கார்ந்துடுச்சு. கண்ணும் சரியாத் தெரியல. ஆனா சத்தம் கேக்குது. ரெண்டு விமானம், ஒண்ணு தெற்க, ஒண்ணு வடக்க.

"ரெண்டு வருது இல்ல?"ன்னுச்சு.

"ஆமா ஆயா. நடுவுல ஆயிரம் அடி இருக்கும். கவலைப்படாத."

"ஆயிரம் அடின்னா எவ்ளோ?"

நான் சுத்திப் பாத்தேன். "நம்ம வீட்லேருந்து ரேஷன் கடை இருக்கில்ல, அவ்ளோ தூரம்."

கொஞ்ச நேரம் பேசாம இருந்துச்சு. "அவ்ளோதானா?"ன்னு கேட்டுச்சு. பிறகு, "திருப்பிச் சொல்லச் சொல்றியா அவனுங்கள?"

"சொல்லச் சொல்றேன் ஆயா."